மேஸ்திரியிடம் கேளுங்கள்: பரணில் கிடக்கும் பெயிண்ட் யார் பொறுப்பு?

சென்ற இதழில் கிறிஸ்துமஸுக்கு வீடு பெயிண்ட் அடிப்பதைப் பற்றி எழுதியபோது, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "மீந்த பெயிண்டைத் தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும்." இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரிக்குத்தான். சுவர் ஈரம், பட்டி வெடிப்பு என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் கன்னியாகுமரி மாவட்டத்து வில்லுக்குறிக்காரன். 1983-ல் பதினாறு வயதில் பிரஷ் கழுவுகிற பையனாக இந்தத் தொழிலுக்கு வந்தேன். இப்போது ஏணியில் ஏறுவதில்லை. பையன்கள் அடிக்கிறார்கள், நான் கீழே நின்று பார்க்கிறேன்.

வாசகி, குழித்துறை: பரணில் பழையதும் புதியதுமாக 11 பெயிண்ட் டப்பா கிடக்கிறது. குப்பை எடுக்க வருகிற அக்கா வாங்க மாட்டேன் என்கிறார். தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். கக்கூஸில் ஊற்றிவிடலாம் என்கிறாள் நாத்தனார். எது சரி?

இரண்டும் வேண்டாம் சகோதரி. புதைக்கிற யோசனையை முதலில் கைவிடுங்கள். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன்.

1998-ல் தக்கலைக்குப் பக்கம் ஒரு வீட்டு வேலை. கதவு, ஜன்னல், கிரில் எல்லாம் எனாமல், அதாவது எண்ணெய்ப் பெயிண்ட். வேலை முடிந்த அன்று பிரஷ் கழுவிய டர்பன்டைன் அரை வாளி இருந்தது. அடியில் கொஞ்சம் கொஞ்சம் மீந்த டப்பா நாலைந்து. மதிலோரம் குழி வெட்டி எல்லாவற்றையும் ஊற்றி மண்ணைத் தள்ளினேன். என் மேஸ்திரி அப்படித்தான் செய்வார், நானும் செய்தேன். அது மே மாதக் கடைசி. ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியம்மை ஆள் அனுப்பினார். போனேன். கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து என் உள்ளங்கையில் ஊற்றினார். மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை. வாளியை வெயிலில் பிடித்தால் மேலே மினுமினுவென்று ஒரு படலம். குழிக்கும் கிணற்றுக்கும் இருபது காலடி கூட இருக்காது. என் செலவில் இரண்டு தடவை கிணறு இறைத்தேன். வாடை போகவில்லை. ஓணம் வரை அந்த அம்மா ரோட்டுக் குழாயிலிருந்து குடம் சுமந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

நம் பக்கத்துச் செம்மண்ணும் சரளையும் மழைத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனியாடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. முற்றத்துக்கு முற்றம் கிணறு. டர்பன்டைன் தண்ணீரைவிட லேசானது, அதனால் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடித் தண்ணீரின் மேலாக மிதந்து பரவும். கக்கூஸில் ஊற்றினாலும் கதை அதேதான். செப்டிக் டேங்கில் கழிவைச் செரிக்கிற நுண்ணுயிர்களைக் கெடுத்துவிட்டு, அங்கிருந்து மண்ணுக்குத்தான் போகும்.

சரி, என்ன செய்யலாம்? 11 டப்பாவையும் இறக்கி, எழுத்தைப் பார்த்து இரண்டாகப் பிரியுங்கள். எமல்ஷன், டிஸ்டெம்பர், பெரும்பாலான சுவர் பிரைமர் ஒரு பக்கம். இவை தண்ணீரில் கலக்குகிற ஜாதி. எனாமல், வார்னிஷ், மரத்துக்கும் இரும்புக்கும் அடிக்கிற பிரைமர், தின்னர் இன்னொரு பக்கம். எமல்ஷனைத் திறந்து ஒரு குச்சியால் கிண்டுங்கள். நல்ல வாடையோடு கரைந்து வந்தால் அது பெயிண்ட்தான், யாருக்காவது உதவும். அழுகல் நாற்றம் அடித்தால் கெட்டுவிட்டது. கெட்டதில் மணலோ, கட்டிபிடித்த பழைய சிமெண்டோ கலந்து, ஒரு பழைய தகரத்தில் மெல்லிசாகப் பரப்பி மழை படாத இடத்தில் காயவிடுங்கள். கல்லாக இறுகிய பிறகு தனிப் பையில் கட்டி, என்ன என்று சொல்லிக் கொடுங்கள். அந்த அக்கா மறுத்ததற்குக் காரணம் உண்டு. திரவமாகக் கொடுத்தால் வண்டியில் கொட்டி அவர் கையில்தான் படும்.

எனாமலை வீட்டில் காயப்போடாதீர்கள். மூடியைச் சுற்றித் தட்டி இறுக்குங்கள். நிறத்தையும் வருஷத்தையும் மேலே எழுதி, அடுப்பும் வெயிலும் அண்டாத சாய்ப்பில் வையுங்கள். மரத்தூள் கலந்தால் கெட்டியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எண்ணெய்ப் பெயிண்டில் அதைச் செய்யவே வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். மரத்தூளிலும் அந்த ஆபத்து உண்டு.

இத்தோடு என் யோசனை தீர்ந்துவிடுகிறது. அந்த எனாமல் டப்பாக்களைக் கடைசியில் எங்கே கொடுப்பது? குழித்துறையிலிருந்து நாகர்கோவில் வரை நான் கேட்ட கடை ஒன்றுகூட வாங்கவில்லை. அதனால்தான் அந்த ஒரு வரியை எழுதினேன்.

பெயிண்ட் கடைக்காரர், மார்த்தாண்டம்: எங்களைப் போன்ற கடைகளில் நாற்பது வருஷம் வாங்கிவிட்டு இப்படி எழுதலாமா மேஸ்திரி? என் கடை பத்தடி அகலம். ஊராருடைய மிச்சத்தை எங்கே வைப்பேன்? இதற்குச் செலவு யார் தருவார்? கடைசியில் விலையில்தானே ஏற்றுவார்கள்?

அண்ணாச்சி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கடைக்காரர் தலையில் கட்டுவது என் எண்ணமில்லை. எழுதும்போது அதைத் தெளிவாகச் சொல்லாதது என் பிழை. நான் சொல்வது கம்பெனியைத்தான்.

இது என் கற்பனையும் இல்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1994-லேயே பெயிண்ட் கம்பெனிகளை இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம் 2009-ல் சட்டம் போட்டது, 2010 ஜூலையில் வேலை தொடங்கியது. கலிபோர்னியா 2012, நியூயார்க் 2022 என்று அது வளர்ந்திருக்கிறது. அங்கே பெயிண்ட் கம்பெனிகளின் சங்கமே சேர்ந்து பெயிண்ட்கேர் என்று லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பைத் தொடங்கியது. ஒவ்வொரு டப்பா விற்கும்போதும் ஒரு சின்னக் கட்டணம் சேரும். ஓரிகனில் தொடங்கியபோது ஒரு காலனுக்கு, அதாவது நம் 4 லிட்டர் டப்பாவைவிடச் சற்றே சிறியதற்கு, 75 சென்ட். அந்தப் பணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. மிச்சத்தைக் கொண்டு கொடுப்பவருக்குச் செலவே இல்லை.

கடைக்கு வருவோம். அங்கே விருப்பமுள்ள கடைகள்தான் வாங்குகின்றன. பெட்டியைப் பெயிண்ட்கேர் தருகிறது, நிறைந்ததும் வண்டி வந்து எடுத்துப் போகிறது. கடைக்காரர் எந்த டப்பாவையும் திறக்க வேண்டியதில்லை. ஒழுகாமல், லேபிளோடு இருந்தால் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். சேர்ந்த எமல்ஷனை நிறவாரியாகப் பிரித்து, வடிகட்டி, மறுபடி பெயிண்டாகவே விற்கிறார்கள். எண்ணெய்ப் பெயிண்ட் பெரும்பாலும் எரிபொருளாகப் போகிறது. நம் நாட்டிலும் ஆலைகளில் சேருகிற பெயிண்ட் சேற்றை அனுமதி பெற்ற சிமெண்ட் சூளைகளில் எரிக்கிற முறை இருக்கிறது. அந்தச் சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல் சூடு. சிமெண்ட் ஆலை நமக்கு எட்டாத தூரத்திலும் இல்லை, தாழையூத்து திருநெல்வேலியைத் தாண்டினால் வந்துவிடும்.

இப்போது நம் தொழிலைப் பாருங்கள். உங்கள் கடைக்குக் கம்பெனி வண்டி எத்தனை தடவை வருகிறது? ஒரே நாளில் இரண்டு தடவை வண்டி வருகிற கடைகளை நான் பார்த்திருக்கிறேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது அது காலி. அப்புறம் டோக்கன், பெயிண்டருக்குப் பணமாகும் என்று கம்பெனி வாளிக்குள் போடுகிற சீட்டு. வாளியைத் திறந்தால் நாங்கள் முதலில் தேடுவது டோக்கனைத்தான், உங்களுக்குத் தெரியாததா? பெயிண்டுக்குள் கைவிட்டுத் துழாவிய காலம் உண்டு. இப்போது செல்போனில் ஸ்கேன் செய்தால் பணம் பெயிண்டர் கணக்குக்கு வந்துவிடுகிறது. எந்த வாளியை எந்த ஊரில் எந்தப் பெயிண்டர் திறந்தான் என்பது வரைக்கும் கம்பெனிக்குத் தெரிகிறது. விற்பதற்காக இவ்வளவு தூரம் என் கையைத் தேடி வருகிறவர்களுக்கு, அதே கையிலிருந்து மிச்சத்தை வாங்கிக்கொள்ள வழியா தெரியாது? அரை டப்பா எனாமலைத் திருப்பிக் கொடுத்தால் இத்தனை ரூபாய் என்று ஒரு டோக்கன் போடட்டும். இந்த மாவட்டத்துப் பெயிண்டர்கள் ஒரு சொட்டைக்கூடச் சிந்த விடமாட்டார்கள். 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிற முறை உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது. காட்டில் கிடந்த பாட்டில்கள் கவுண்டருக்குத் திரும்பின.

ஒரு கம்பெனி மட்டும் நல்ல மனசோடு இதைச் செய்தால் என்ன ஆகும்? அதன் டப்பா நாலு ரூபாய் கூடும், அடுத்தவன் டப்பா விற்கும். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான சட்டம் வேண்டும் என்கிறேன். அமெரிக்காவில் கம்பெனிகளே சட்டத்துக்குச் சம்மதித்ததும் இதனால்தான்.

விலை ஏறும் என்கிறீர்கள். கொஞ்சம் ஏறும், மறைக்கவில்லை. ஆனால் இப்போதும் யாரோ ஒருவர் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறார் அண்ணாச்சி. 1998-ல் அந்தப் பெரியம்மை செய்தார். அவர் ஒரு டப்பா பெயிண்ட்கூட வாங்கவில்லை.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: நம் நாட்டுச் சட்டத்தில் இதற்கு ஒன்றுமே இல்லையா?

பாதி இருக்கிறது தம்பி. 2026 மார்ச் வரை இருந்த 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 'வீட்டு அபாயக் கழிவு' என்று ஒரு பிரிவு இருந்தது. பூச்சிமருந்து டப்பா, சிஎஃப்எல் பல்பு, காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி இவற்றோடு, வீசப்படும் பெயிண்ட் டப்பாவையும் அதில் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். இவற்றைச் சேகரிக்க நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. 2026 ஏப்ரல் முதல் வந்த புதிய விதிகளும் பெயிண்ட் டப்பாவைத் தனியாகப் பிரிக்கச் சொல்கின்றன. உங்கள் ஊர்ப் பரப்பை 20-ஆல் வகுத்து, வருகிற எண்ணிக்கைக்கு மையம் எங்கெங்கே அமைத்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேர் பத்து ஊருக்குக் கேட்டால் நல்லது.

ஆனால் 2016-ன் அந்த விதி பொறுப்பை ஊராட்சி, நகராட்சி மேல் வைத்தது. மீந்த பெயிண்டுக்குப் பொறுப்பாக, அதைச் செய்து லாபம் பார்த்தவர் அதில் வரவில்லை. தயாரித்தவருக்கே பொறுப்பு என்கிற கொள்கைக்கு 1990-ல் பெயர் வைத்தவர் சுவீடனைச் சேர்ந்த தாமஸ் லிண்ட்க்விஸ்ட். அந்தக் கொள்கை நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர், டிவி போன்ற மின்னணுக் கழிவுக்கு 2012 முதல் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகளுக்கு, டயருக்கு, பேட்டரிக்கு 2022-ல் முழு வடிவில் வந்தது. எஞ்சின் ஆயிலுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று சொல்கிறேன். பிளாஸ்டிக் விதிப்படி பெயிண்ட் கம்பெனி தன் 20 லிட்டர் வாளிக்குப் பொறுப்பு. அதற்குள் மீந்து கிடக்கிற 3 லிட்டருக்குப் பொறுப்பில்லை! வாளி பாவம், கழுவினால் எங்கள் வீடுகளில் பத்து வருஷம் தண்ணீர் பிடிக்கும். ஆக்கர் கடை என்கிற பழைய சாமான் கடையிலும் காசு கொடுப்பார்கள். தீங்கு உள்ளே இருப்பதில். எஞ்சின் ஆயிலுக்கு முடிந்தது எனாமலுக்கு ஏன் முடியாது? உங்கள் மனுவில் இந்தக் கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்.

படகு உரிமையாளர், குளச்சல்: மீன்பிடித் தடைக்காலத்தில் எல்லாப் படகுக்கும் ஒரே சமயத்தில் பெயிண்ட் அடிக்கிறோம். மிச்சமும் சுரண்டியதும் மணலில்தான் கிடக்கிறது. வீட்டுப் பெயிண்ட் மாதிரிதானே இதுவும்?

இல்லை, இது இன்னும் கடுமையானது. படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க அடிக்கிற பெயிண்டில் தாமிரச் சேர்மம் இருக்கிறது. கடல் உயிரைக் கொல்வதுதான் அதன் வேலையே. இதைவிடக் கொடிய, டின் என்கிற வெள்ளீயச் சேர்மம் சேர்ந்த வகையை 2008-ல் உலக அளவில் தடை செய்துவிட்டார்கள். உங்கள் பக்கம் ஜூன், ஜூலை தடைக்காலம், அதாவது சுரண்டுகிற மாதமே மழை மாதம். போட்டதெல்லாம் நேரே கடலுக்கு. சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரியுங்கள், செதிலைச் சாக்கில் கட்டுங்கள். கிழக்குக் கடல் பக்கமுள்ள சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை தடை. எந்தத் துறைமுகத்தில் எந்த இரண்டு மாதம் இந்தக் கழிவு சேரும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. அந்த நாளில் கம்பெனி வண்டி துறைமுகத்துக்கே வர வேண்டும் என்று உங்கள் சங்கம் கேட்கலாம்.

ஒரு விஷயம் சொல்லத் தோன்றுகிறது. வெள்ளைப் பெயிண்டுக்கு அந்த வெண்மையைத் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதை எடுப்பது இல்மனைட் என்கிற கருமணலிலிருந்து. உங்கள் குளச்சலுக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் அள்ளுகிறார்களே, அந்த மணல்தான். மணலைக் கொடுத்த கரைக்கே மிச்சம் விஷமாகத் திரும்பி வருவதை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இளம் பெயிண்டர், குலசேகரம்: அண்ணே, பிரஷ்ஷை வாய்க்காலில் கழுவினால் ஊர்க்காரர் திட்டுகிறார்கள். வேறு எங்கே கழுவ? பழைய கதவைச் சுரண்டினால் இருமலும் வருகிறது.

திட்டுகிறவர்கள் சொல்வது சரிதான் மக்களே. எனாமல் பிரஷ்ஷுக்கு மூன்று டப்பா வைத்துக்கொள். முதல் டப்பாவில் பழைய டர்பன்டைன், இரண்டாவதில் கொஞ்சம் தெளிந்தது, மூன்றாவதில் புதியது. வரிசையாக முக்கிக் கழுவு. ராத்திரி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பெயிண்ட் அடியில் படிந்து மேலே தெளியும். தெளிந்ததை ஊற்றி மறுபடி பயன்படுத்து. மாதம் பல நூறு ரூபாய் மிஞ்சும். அடி வண்டலை மூடி போட்டு வை, கொட்டாதே. எமல்ஷன் ரோலரை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாக உருட்டி ஒட்டியதை எடு, பிறகு ஒரே வாளித் தண்ணீரில் கழுவு. அந்தத் தண்ணீரையும் கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் ஊற்றாதே.

இருமலை லேசாக எடுக்காதே. பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். பழைய கதவை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதே, நனைத்து வாட்டர் பேப்பரால் தேய். முகத்தில் நல்ல மாஸ்க் போடு. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதே. ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் கெடுக்கும். நான் முப்பது வருஷம் அந்தச் சட்டையோடுதான் வீட்டுக்குப் போனேன், எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருவட்டார்: மீந்ததை அங்கன்வாடிக்குக் கொடுக்கலாமா?

எமல்ஷனாக, கெடாததாக, 2017-க்குப் பிறகு தயாரித்ததாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள் டீச்சர். டப்பாவில் தேதி இருக்கும். வெளிர் நிறங்களை ஒன்றாகக் கலந்து வடிகட்டினால் ஒரு சந்தன நிறமோ சாம்பலோ வரும், சுவருக்கு நன்றாகவே இருக்கும். பழைய எனாமலைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குக் கொடுக்காதீர்கள்.

வாசகர், இரணியல்: மிச்சமே வராமல் வாங்க முடியாதா?

முழுக்க முடியாது, பெரும்பாலும் முடியும். 10-க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 400. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 120 சதுர அடி வரும். மூன்றரை லிட்டருக்குள் வேலை முடியும், 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். ஆனால் 10 லிட்டர் வாங்கினால் லிட்டருக்கு விலை குறைவு என்று கடையில் சொல்வார்கள், நாமும் வாங்குவோம். மெஷினில் நிறம் கலந்துவிட்டால் திரும்பவும் எடுக்க மாட்டார்கள். வீடுகளுக்கு விற்கிற பெயிண்டில் 10 சதவீதம் வரை மீந்து போகிறது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டிருக்கிறது. மிச்சத்தை எடுக்கிற செலவு கம்பெனிக்கே வந்தால், 10 லிட்டரை நம் தலையில் கட்டுகிற பழக்கம் தானாகக் குறையும் என்பது என் நம்பிக்கை.

வாசகி, வில்லுக்குறி: உங்கள் வீட்டுச் சாய்ப்பில் மூன்று டிரம் நிற்கிறதே, அது என்ன?

பக்கத்துத் தெருக்காரர் கேட்டதால் சொல்கிறேன். சென்ற இதழ் வந்த பிறகு தெரிந்த வீடுகளிலிருந்து மிச்சத்தை வாங்கி வைக்கத் தொடங்கினேன். ஒன்று எமல்ஷன், ஒன்று எனாமல் டப்பாக்கள், ஒன்று டர்பன்டைன் வண்டல். மூன்றிலும் சிவப்பில் எழுதிப் பூட்டியிருக்கிறேன், பக்கத்தில் மணல் வாளியும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி வந்து பார்த்தார். நல்ல பையன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போட்டோ எடுத்துப் போனார், இன்னும் பதில் இல்லை. எமல்ஷனை அவ்வப்போது யாராவது மதிலுக்குக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மற்ற இரண்டும் நிற்கின்றன. அடுத்த திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். எனாமல் டிரம்மில் உள்ள ஒவ்வொரு டப்பாவின் பெயர், அளவு, தயாரித்த மாதம் எழுதிய பட்டியலும் மனுவோடு இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் பேத்தி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள், நேற்று வரை 46 டப்பா ஆயிற்று. குழித்துறைச் சகோதரி, உங்கள் எனாமல் டப்பாக்களின் விவரத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புங்கள், அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.